உட்சுவர்ப் பூச்சிற் சீமெந்தும் சுண்ணாம்பும்

புதுமனை புகுவிழாவுக்குச் செல்வோர் கதவின் மரத்தையும் தரையின் பளபளப்பையும் சுவரின் நிறத்தையும் பார்த்து மெச்சுவர். அந்நிறத்தின் கீழே கிடக்கும் அரையங்குலப் பூச்சைப் பற்றி வினவுவார் ஒருவருமிலர். இரண்டு மாரி கழிந்ததும் சுவரிற் சிலந்திவலை போல மெல்லிய வெடிப்புகள் ஓடத் தொடங்கும். தட்டிப் பார்த்தால் சில இடங்கள் வெறும்பானை போல ஒலிக்கும். அப்பொழுதுதான் பூச்சைப் பற்றிய பேச்சு எழும். மேசனைக் குறை கூறும் பேச்சாகவே அது பெரும்பாலும் முடியும்.

மேசன்மீது சுமத்தப்படும் பழி முழுவதும் அவருக்கு உரியதன்று. "சீமெந்தைச் சற்றுக் கூட்டிப் போடுங்கள், காசைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்று வேலை தொடங்கும் நாளிற் கட்டளையிட்டவர் வீட்டுக்காரரே. கடல் கடந்த நாட்டிலிருந்து தொலைபேசியில் வீடு கட்டுவிப்போர் இக்கட்டளையை இன்னும் அழுத்தமாக இடுகின்றனர். வன்மை மிகுந்தால் ஆயுளும் மிகும் என்பது அவர்தம் எண்ணம். தூணுக்கும் வளைக்கும் அவ்வெண்ணம் பொருந்தும், பூச்சுக்குப் பொருந்தாது. பூச்சு எப்பொழுதும் தான் பற்றி நிற்கும் சுவரினும் சற்று மென்மையாக இருத்தல் வேண்டும். இந்த ஒரு விதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வேலை முறைகளையும் அவ்விதி வழியாகவே கூறுவாம்.

சுண்ணாம்பு இரசாயனத்தின் அழகான பாடங்களுள் ஒன்று. சுண்ணக்கல் என்பது பெரும்பாலும் கல்சியங் காபனேற்று. அதனைச் சூளையிலிட்டு 900 பாகை செல்சியசு அளவில் எரிக்குங்கால் காபனீரொட்சைட்டு வாயு வெளியேறுகின்றது. 100 இறாத்தல் தூய கல்லில் 44 இறாத்தல் காற்றோடு போக, 56 இறாத்தல் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகின்றது. அதன்மீது நீர் படுமாயின் அது சீறிக் கொதித்து, விரிந்து, நீறாகின்றது. நீறிய சுண்ணாம்பைக் குழைத்துச் சுவரிற் பூசினால், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகின்றது. சூளையில் இழந்ததைச் சுவரிலே திரும்பப் பெறுகின்றது எனலாம். ஆயின் அதற்கு அவசரமில்லை. காற்று உட்புகுமளவுக்கே அது இறுகும், தடித்த பூச்சின் உட்புறம் கல்லாகப் பல மாதங்கள் செல்லும், ஆண்டுகளும் செல்லலாம்.

இத்தகைய பூச்சு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சிகிரியாவின் கண்ணாடிச் சுவர், செங்கற் சுவரின்மேற் சுண்ணச்சாந்து பூசி மினுக்கப்பட்டதே. அதன்மீது வழிப்போக்கர் கீறிச் சென்ற பாடல்களுள் 685ஐத் தொல்பொருளாய்வாளர் செனரத் பரணவிதான படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். ஆயிரம் ஆண்டு கடந்தும் எழுத்துப் படிக்கத்தக்கதாக நின்றது அப்பூச்சின் பெருமை. (வகுப்பறைச் சுவரிற் கவராயத்தாற் பெயர் பொறித்த நம் பழைய மாணவர்கள் இதனைத் தமக்குச் சாதகமான தீர்ப்பாகக் கொள்ளற்க.)

சீமெந்தும் அதே சுண்ணக்கல்லின் மகவே. சுண்ணக்கல்லைக் களிமண்ணோடு கலந்தரைத்து 1450 பாகை அளவிற் சுட, இரண்டும் கூடிப் புதிய சேர்வைகளாகின்றன. அவற்றைச் சிறிதளவு சிப்சத்தோடு அரைத்த தூளே சீமெந்து. இங்கிலாந்தில் யோசேப்பு அசுப்டின் என்னுங் கொத்தர் 1824இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். நம் குடாநாட்டின் மயோசீன் காலச் சுண்ணக்கல்லைக் கொண்டு காங்கேசன்துறை ஆலை 1950இற் சீமெந்து செய்யத் தொடங்கியது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. போர் காரணமாக 1990இல் அவ்வாலை நின்றது. அது இயங்கிய நாற்பது ஆண்டுகளில் நம்மவர் கைக்குச் சீமெந்து எளிதாயிற்று. சுண்ணாம்புச் சூளைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. சுண்ணாம்பு நீற்றும் கைப்பழக்கமும் அவற்றோடு தேய்ந்தது.

சீமெந்து காற்றை எதிர்பார்ப்பதில்லை. நீரோடு கூடிச் சில மணி நேரத்தில் இறுகுகின்றது. சில வாரத்திற் பெருவன்மை அடைகின்றது. அதன் குறை அவ்வன்மையோடு சேர்ந்தே வருவது. உலருங்கால் அது சுருங்கும். சீமெந்து மிகுந்த பூச்சு, சுருங்கும்போது தன் வன்மையெல்லாம் கொண்டு சுவரை இழுக்கின்றது. சுவர் அதனினும் வலியதாயின் பூச்சிலே வெடிப்பு விழும். சுவர் மெலியதாயின் அதன் மேற்றோலையும் உரித்துக்கொண்டு பூச்சுப் பலகை பலகையாகக் கழன்றுவிடும். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் எனச் சுண்ணாம்பின்றிப் பூசப்பட்ட உட்சுவர்கள் பலவற்றின் கதை இதுவே.

இரண்டையுங் கலக்குங்கால் ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கின்றது. சீமெந்து விரைவில் இறுகிப் பூச்சைத் தாங்கிப்பிடிக்கின்றது. சுண்ணாம்பு மிக நுண்ணிய துகள்களாலானது. நீரை விடாமற் பற்றிக்கொள்வது. உலர்ந்த சீமெந்துக்கல் பூச்சிலுள்ள நீரைக் கடற்பஞ்சு போல உறிஞ்சும் இயல்புடையது. நீரை இழந்த சீமெந்து முற்ற இறுகாது பொடியாகும். சுண்ணாம்பு நீரைக் காத்து வைப்பதால் சீமெந்து தன் வேலையை முடிக்கின்றது. சாந்து வெண்ணெய் போல வழுவழுப்பாகிக் கரண்டிக்கு இணங்குவதும் சுண்ணாம்பினாலேயே. இறுகிய பின்னரும் அப்பூச்சிற் சிறிது நெகிழ்வு உண்டு. மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றினால், ஈரத்திற் கரைந்த சுண்ணாம்பு அவ்விடத்திலேயே மீண்டும் காபனேற்றாகப் படிந்து, அதனை ஓரளவு தானே அடைத்துக்கொள்வதும் உண்டு.

அளவுகளைப் பார்ப்போம். நம் நாட்டுக் கட்டட வேலைப் பட்டியல்களில் உட்சுவருக்கு நெடுங்காலமாக வழங்கி வருவது, சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 5 என்னும் கலவை. தடிப்பு 5/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 16 மில்லிமீற்றர். மேலே சுண்ணாம்புக் களியால் மினுக்கல். நல்ல சீமெந்துக்கற் சுவருக்கு மணலை ஆறாக்கி 1:1:6 எனக் கொள்வதே சாலும் என்பது நம் கருத்து. மென்மையான செங்கற் சுவருக்கு 1:2:9 போதும். இவ்விரண்டிலும் ஓர் ஒற்றுமை காணலாம்: சீமெந்தையும் சுண்ணாம்பையும் கூட்டினால் மணல் அதன் மும்மடங்காகும். மணலின் மணிகளுக்கிடையே கிடக்கும் வெற்றிடம் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அவ்வெற்றிடத்தை நிரப்பும் அளவுக்குப் பசை இருந்தாற் போதுமானது. அதற்குமேல் இடுவது சுருக்கத்தையே வளர்க்கும்.

இவை கனவளவின்படி கூறிய பங்குகள். 50 கிலோகிராம் சீமெந்துப் பை ஒன்று ஏறக்குறைய 1¼ கன அடி கொள்ளும். ஆகவே 1¼ கன அடிப் பெட்டியொன்றைப் பலகையால் அடித்து வைத்துக்கொண்டால், பை ஒன்றுக்குச் சுண்ணாம்பு ஒரு பெட்டியும் மணல் ஆறு பெட்டியும் என எண்ணி இடலாம். மண்வெட்டிக் கணக்கு நம்பத்தக்கதன்று; காலையில் அள்ளும் மண்வெட்டியும் மாலையில் அள்ளும் மண்வெட்டியும் ஒன்றல்ல. ஈரமணல் பொங்கியிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. சிறிது நனைந்த மணல், காய்ந்த மணலினும் நாலில் ஒரு பங்கு கூடுதலான இடத்தை அடைக்கும்; அதனைக் கணக்கிற் கொள்ளாதார் தம்மையறியாமலே மணலைக் குறைத்து விடுவர். ஒரு பைச் சீமெந்துக் கலவையால், சிந்திச் சிதறுவது நீங்கலாக, 5/8 அங்குலத் தடிப்பில் 120 சதுர அடிக்கு மேற் பூசலாம்.

மணலே பூச்சின் உடம்பு. எனினும் நம்மவர் சீமெந்தின் பெயரைக் கேட்டு வாங்குவார்; மணலைக் கண்ணாற் பார்த்தே வாங்குவார். பருமணியும் சிறுமணியும் விரவிய கூர்மணலே பூச்சுக்கு ஏற்றது. காற்றடித்துக் குவித்த மேட்டு மணல் பட்டுப் போன்ற நுண்மையும் ஒரே பருமனும் உடையது. பார்வைக்கு அழகாயினும் வெற்றிடம் மிகுந்து, பசையும் நீரும் அதிகம் வேண்டி, வெடிப்புக்கு வழிசெய்யும். அதற்குள் உப்பும் இருக்குமாயின், ஒவ்வொரு மாரியிலும் சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெண்ணிற உப்பைப் பூக்கும். சிறிது மணலை நாவில் வைத்துப் பார்த்தாலே உப்புத் தெரியும். கண்ணாடிப் போத்தலில் அரைவாசி மணலும் மேலே நீருமிட்டுக் குலுக்கிச் சில மணி நேரம் வைத்தால், மணலின்மேல் வண்டல் தனிப்படலமாகப் படியும். அப்படலம் மணலின் பத்தில் ஒன்றை நெருங்குமாயின் மணலைக் கழுவ வேண்டும். கிணற்று நீருக்கும் இதே நாச்சோதனை உண்டு: உவர் நீரிற் சாந்து குழைத்தலாகாது.

சுண்ணாம்பை அணுகுங்கால் இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, நீறாத கற்கள். சூளைச் சுண்ணாம்பை நீற்றும்போது, அரைகுறையாய் வெந்ததும் மிகையாய் வெந்ததுமான மணிகள் நீறாமல் தங்கிவிடும். அவை சாந்தோடு சுவருக்குச் சென்று, மாதங்கள் கழிந்து ஈரங் கண்டு விரிந்து, பூச்சைச் சிறு கிண்ணம் போலக் குடைந்து தெறிக்கச் செய்யும். குழியின் நடுவில் வெண்புள்ளி ஒன்று இருத்தலே அதன் அடையாளம். ஆதலின் நீரிற் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட்டு நீற்றி, நுண்வலையால் வடித்து, மேலே நீர் நிற்க இரண்டு வாரமாவது குழியில் ஊறவிட வேண்டும். உரோமக் கட்டடக்கலைஞரான விற்றுருவியசும் நெடுநாள் ஊறிய சுண்ணாம்பையே பூச்சுக்கு விதித்தார். பையில் வரும் நீறிய தூளாயின் முதல்நாளே நீரிற் குழைத்து ஓரிரவு ஊறவிடுதல் போதும். இரண்டாவது, கண். வெற்றிலைக்கு விரலால் தடவும் பழக்கத்தால் நாம் சுண்ணாம்பை எளிதாக எண்ணிவிட்டோம். கண்ணில் ஒரு துளி தெறித்தாற் பார்வை போதலுங் கூடும். தெறித்தவுடன் நிறைந்த நன்னீராற் கழுவிக்கொண்டேயிருந்து, பின் மருத்துவரிடம் செல்க. உட்கூரை பூசுவார் அண்ணாந்து நின்று வேலை செய்வதால் அவர்க்குக் கண்ணாடி இன்றியமையாதது. ஆனால் அதனை அணிந்து பூசுவாரை நாம் காண்பது அரிது.

இனிச் சுவரைப் பூச்சுக்கு ஆயத்தஞ் செய்தல். புதிய சீமெந்துக்கற்கள் தாமே உலர்ந்து சுருங்குபவை. கட்டிய மறுவாரமே பூசினாற் கல்லின் சுருக்கம் பூச்சிலே கோடாகத் தோன்றும்; சுவருக்குச் சில வாரங்களேனும் ஓய்வு தருக. மின்குழாய்களுக்கான வாய்க்கால்களைப் பூசுமுன்னரே வெட்டி அடைத்துவிட வேண்டும். கொங்கிறீற்றுத் தூணும் கற்சுவரும் கூடுமிடத்தில் இரண்டும் வெவ்வேறாக அசையுமாதலால், அவ்விணைப்பின்மேற் கோழிக்கூட்டு வலையை இருபுறமும் படர ஆணியறைந்து பூசுதல் நன்று. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் வெடிப்பு, பெரும்பாலும் பூச்சின் குற்றமன்று, சுவரின் அசைவே. அதனை மேலே பூசி மறைப்பது காய்ச்சற்காரனுக்குப் பட்டுச் சால்வை போர்த்துவது போலும்.

பூசும் நாளில் தூசியைத் துடைத்துச் சுவரை நனைக்க வேண்டும்; நீர் சொட்டச் சொட்ட அன்று, உறிஞ்சும் வேகம் அடங்குமளவுக்கே. சுவரில் ஆங்காங்கே சாந்துப் பொட்டுகள் வைத்துத் தூக்குக்குண்டால் நேர்பார்த்து, பொட்டுகளை இணைத்து மட்டப்பட்டிகள் இட்டு, இடையை நிரப்பி, நேரான சட்டத்தால் இழுத்தெடுப்பதே முறை. சாந்தைத் தடவுவதினும் எறிவது மேல். விசையோடு படும் சாந்து காற்றை வெளியேற்றிக் கல்லின் துளைகளிற் புகும். சுவர் கோணலாயிருந்து முக்கால் அங்குலத்துக்கு மேல் வேண்டியவிடத்து, ஒரே தடவையில் அப்புதலாகாது. முதற்பூச்சை இட்டு, ஈரமாக இருக்கும்போதே கீறிவிட்டு, அது இறுகிச் சுருங்கிய பின்னரே அடுத்ததை இடுக. இரண்டாம் பூச்சு முதலாவதினும் வலியதாக இருத்தல் கூடாது என்பதும் முன்கூறிய விதியின் விரிவே. பின்னர் மரப்பலகையால் வட்டமாகத் தேய்த்துச் சமன்செய்யலாம். இரும்புக் கரண்டியாற் பன்முறை அழுத்தி மினுக்குவார் சீமெந்துப் பசையை மேலே இழுத்து வருகின்றனர். பசை மிகுந்த அம்மேற்றோலே சிலந்திவலை வெடிப்பின் பிறப்பிடம். அதற்குமேலும் உலர்ந்த சீமெந்துத் தூளைத் தூவி மினுக்குவது இன்னும் கெடுதி.

சீமெந்து சேர்த்த சாந்தை ஒரு மணி நேரத்துள் முடிக்குமளவுக்கே குழைக்க வேண்டும். தேநீர் வேளை கழிந்து வந்து, இறுகத் தொடங்கிய சாந்துக்கு நீரூற்றி மறுபடி குழைப்பது எங்கும் உள்ள வழக்கம், அச்சாந்தில் உயிரில்லை. சுண்ணாம்பையும் மணலையும் முன்னரே கலந்து ஈரச்சாக்கால் மூடி வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டிய அளவுக்கே சீமெந்து சேர்ப்பாராயின் இவ்விழப்பு நேராது.

உட்கூரை வேலை சுவருக்கு முன்னர் முடியவேண்டும். இங்கே பிழை நேர்ந்தால் விளைவு அழகுக்கேடு மாத்திரமன்று. ஓரங்குலத் தடிப்புள்ள பூச்சு ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 4½ கிலோகிராம் நிறையுடையது. பத்தடி உயரத்திலிருந்து அத்தகைய துண்டொன்று வாங்கின்மீது விழுவதை எண்ணிப் பாருங்கள். அடைப்புப் பலகையின் எண்ணெய் பட்டு வழுவழுத்திருக்கும் கொங்கிறீற்றின் அடிப்புறத்தில் எச்சாந்தும் பற்றாது. எண்ணெயைக் கழுவி, உளியால் நெருக்கமாகக் கொத்தி, சீமெந்து ஒன்றும் பருமணல் இரண்டுமாக நீராளமாய்க் குழைத்துத் தெறித்துவிட வேண்டும். அத்தெறிப்பு ஈரத்தில் இறுகி, கையால் தேய்த்தாலும் உதிராத முட்பரப்பான பின்னரே பூச்சு. தடிப்பு 3/8 அங்குலத்தை மிகாதிருத்தல் நலம். கொங்கிறீற்றுத் தட்டுத் தொய்ந்திருந்தால் அத்தொய்வைச் சாந்தால் நிரப்பி மட்டமாக்க முயல்வாரும் உளர். தொய்ந்த கூரையைத் தொய்ந்ததாகவே விடுவது பாதுகாப்பு. வெயிற்படும் மேற்றட்டு நாள்தோறும் விரிந்து சுருங்குமாதலின், சுவரும் உட்கூரையும் கூடும் மூலையிற் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கரண்டி நுனியால் ஒரு நேர்கோடு வெட்டிவிடுக. வெடிப்பு வருமாயின் அக்கோட்டினுள்ளே ஒழுங்காக வந்துபோகும்.

பூசிய பின் மூன்று நான்கு நாளேனும் சுவரை ஈரமாக வைத்திருக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் கதவில்லாத வாயில்களையும் யன்னல்களையும் சாக்கால் மறைக்காவிடின், காலையிற் பூசியது மாலைக்குள் உலர்ந்து பொடியாகும். அதன் பின்னர் உலரவிடுக. விரைந்து நிறம் பூசவேண்டா. புதுப்பூச்சு மிகுந்த காரத்தன்மை உடையது. எண்ணெய்ப் பூச்சை அக்காரம் சவர்க்காரமாக்கிவிடும். சுண்ணாம்பு வெள்ளையை வேண்டுமாயின் முன்னரே அடிக்கலாம். எண்ணெய் நிறத்துக்கு ஒரு கோடை கழியட்டும்.

இதுவரை கூறியவை புதுச்சுவருக்கு உரியவை. நம் கல்லூரி போன்ற பழைய நிறுவனங்களில் வேறொரு வகைச் சுவரும் உண்டு: சீமெந்து அறியாத காலத்திற் சுண்ணக்கல்லையும் சுண்ணச்சாந்தையுங் கொண்டு எழுப்பிய தடித்த சுவர். இச்சுவர்களுக்குப் பெரும்பாலும் ஈரந்தடுக்கும் படை இல்லை. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும், நுண்டுளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகும், அவ்வளவே. விழாக் காலங்களில் அன்பர்கள் பொருளுதவி செய்து, "உறுதியாக இருக்கட்டும்" என்று அப்பழம் பூச்சைக் கொத்தி வீழ்த்திச் சீமெந்து பூசுவிக்கின்றனர். வெளியேற வழியற்ற ஈரம் சுவரினுள்ளே மேலும் உயர்ந்து ஏறுகின்றது. அதனோடு வந்த உப்பு, பூச்சின் பின்னே படிகமாகிப் பழங்கல்லையே அரிக்கின்றது. சில ஆண்டுகளிற் பூச்சுக் கழலும்போது கல்லும் மாவாய் உதிரும். நூறாண்டு நின்றதை நன்கொடையால் நலியச் செய்தல் வருந்தத்தக்கது. அத்தகைய சுவருக்குச் சீமெந்து வேண்டா. ஊறிய சுண்ணாம்பு ஒன்றுக்குக் கூர்மணல் மூன்று என்னும் பழங்கலவையே ஏற்றது. மேலே பிளாத்திக்குத் தன்மையுள்ள நிறங்களுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு வெள்ளையே அடிக்க வேண்டும். வேலை மெதுவாகவே நடைபெறும்; படைக்குப் படை வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டும்; அடுத்த பரிசளிப்பு விழாவுக்குள் முடித்துத் தருமாறு மேசனை நெருக்குதல் ஆகாது.

பழைய மண்டபமொன்றைத் திருத்த முற்படும் சபையார், முதலில் அதன் ஈரமான மூலையில் நாலடிச் சதுரம் ஒன்றை மட்டும் இவ்வாறு பூசுவித்து, ஒரு மாரி முழுவதும் விட்டுவைப்பாராக. தை பிறந்த பின் விரற்கணுவால் அதனைத் தட்டிப் பார்த்து, உப்புப் பூத்திருக்கிறதா என்றும் உற்றுநோக்கி, அதன் பின்னர் மற்றச் சுவர்களிற் கைவைக்கலாம்.